வெளிநாட்டுப் பணமும் கடைமடைச் சேரியும்

உலக வங்கி வருடா வருடம் ஒரு கணக்கு வெளியிடுகிறது. பிழைக்கப் போனவர்கள் தங்கள் நாட்டுக்கு அனுப்பிய பணம் எவ்வளவு என்கிற கணக்கு. 2024-ல் ஏழை நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இப்படி வந்தது சுமார் 68,500 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். இந்தியாவுக்கு மட்டும் சுமார் 12,900 கோடி டாலர். உலகத்திலேயே முதலிடம். மறுநாள் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் பெருமிதம். நம் பிள்ளைகளும் அதைப் படித்துவிட்டு 'நாம்தான் ஃபர்ஸ்ட்' என்கிறார்கள்.

இந்த 'நாம்' யார்?

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் டெல்டா செழிக்கும் என்பது பாடப்புத்தகம். கடைமடைக்காரனைக் கேட்டால்தான் தெரியும், எந்த மதகு யார் கையில் இருக்கிறது, யார் வயல் நிரம்பிய பிறகு மீதி கீழே வருகிறது என்று. பணமும் அப்படித்தான். வெளியிலிருந்து வருகிற எந்தப் பணமும் ஏற்கெனவே வெட்டி வைத்த வாய்க்காலில்தான் ஓடும். இந்த நாட்டில் வாய்க்கால் வெட்டியது சாதி. இதைச் சொல்லாமல் 'வளர்ச்சி' பற்றிப் பேசுகிற பொருளாதாரம் எல்லாம் தலைமடைக்காரனின் பொருளாதாரம்.

பணக்கார நாடுகளிலிருந்து வரும் பணத்தில் இரண்டு வகையை முதலில் பிரித்துக்கொள்வோம். ஒன்று, அரசாங்கங்கள் கொடுக்கிற உதவி. இன்னொன்று, அங்கே போய் உழைக்கிறவன் அனுப்புகிற கூலி. முதலாவதற்கு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு, நன்றி அறிவிப்பு உண்டு. இரண்டாவதற்கு வங்கியில் ஒரு ரசீது.

உதவி என்பதைப் பார்ப்போம். பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் தீர்மானம் போட்டது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 2024-ல் கொடுத்தது 0.33 சதவீதம். சுமார் 21,200 கோடி டாலர். சொன்ன அளவை எட்டிய நாடுகள் நான்கே நான்கு: நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க். இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தன் நாட்டுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்குத் தன் நாட்டிலேயே முதல் வருடம் செலவு செய்கிற காசையும் 'வளர்ச்சி உதவி' என்றே கணக்கெழுதலாம். 2024-ன் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இப்படி எழுதப்பட்டது. வீட்டுக்கு வந்தவனுக்குப் போட்ட சோற்றை ஊருக்குச் செய்த தானம் என்று கல்வெட்டு வெட்டிக்கொள்கிற கணக்கு இது.

வருவதைச் சொன்னால் போவதையும் சொல்ல வேண்டும். 2023-ல் வளரும் நாடுகள் வெளிநாட்டுக் கடனுக்கு அசலும் வட்டியுமாகக் கட்டியது 1,40,000 கோடி டாலர். கொடுத்த கை எது, வாங்கிய கை எது?

கொடுப்பவன் நினைத்தால் நிறுத்தவும் செய்வான். 2025 ஜூலை 1-ம் தேதியோடு அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு மூடப்பட்டது. ஆப்பிரிக்காவில் அந்தக் காசை நம்பி நடந்த எய்ட்ஸ் மருந்துக் கிளினிக்குகள் பலவும் அதற்கு முன்பே தள்ளாட ஆரம்பித்துவிட்டன. மருந்து சாப்பிடுகிறவனின் ஓட்டு வாஷிங்டனில் இல்லை. உரிமையாக வராதது எப்போது வேண்டுமானாலும் நிற்கும்.

சரி, வருகிற உதவியாவது நேராக வருகிறதா? 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு உலகமே நாகப்பட்டினத்துக்குக் காசு அனுப்பியது. அழுகிய பிணங்களை எடுக்க வேறு ஊர்களிலிருந்து யாரைக் கொண்டு வந்தார்கள்? துப்புரவுத் தொழிலாளர்களை. யார் என்று சாதி சொல்லத் தேவையில்லை. முகாம்களில் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்று நம் ஆட்கள் விரட்டப்பட்டார்கள். கடலோரத்தில் கூலி வேலை செய்து பிழைத்த தலித் குடும்பங்கள் 'பாதிக்கப்பட்டோர்' பட்டியலில் வரவே போராட வேண்டியிருந்தது. உனக்குப் படகு இருந்ததா? இல்லை. வலை இருந்ததா? இல்லை. அப்போ உனக்கு என்ன நஷ்டம்? இதுதான் கேள்வி. இல்லாதவன் எதை இழந்தான் என்று எழுத அவர்களிடம் பாரம் இல்லை. லண்டனில் உண்டியல் குலுக்கியவருக்கு இது தெரிந்திருக்காது. அவர் காசு நல்ல காசுதான். ஆனால் வாய்க்கால் பழைய வாய்க்கால்.

இப்போது இரண்டாவது பணத்துக்கு வருவோம். கூலி.

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் நோக்கக் குறியீடு ஒன்று போடுவோம். குடும்பப் பராமரிப்பு என்றால் அதற்கு ஒரு எண். அந்தப் பணத்தை அனுப்பியவன் அங்கே போவதற்கு எவ்வளவு கொடுத்தான், யாரிடம் கடன் வாங்கினான், என்ன வட்டி என்று எழுத எந்தக் கட்டமும் கிடையாது. உலக வங்கியின் பெரிய கணக்கு இந்தச் சின்னக் கட்டங்களின் கூட்டல்தான். கட்டத்தில் இல்லாதது கூட்டலிலும் வராது.

அந்தக் கட்டத்தை நாம் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்கு வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது அரசாங்க விதி. தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997 ஒப்பந்தம். ஊரில் போய்க் கேளுங்கள், விசாவுக்கு எவ்வளவு என்று. லட்சத்துக்குக் குறைந்து யாராவது சொன்னால் எனக்கு எழுதுங்கள். நூற்றுக்கு மாசம் மூணு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். ஒன்றரை லட்சம் வாங்கியவன் வருடத்துக்கு 54,000 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும். அவன் முதல் வருடம் அனுப்புகிற பணம் 'அந்நியச் செலாவணி' என்று டெல்லியில் பதிவாகிறது. ஊரில் அது வட்டிக்காரன் வீட்டு மாடியாகிறது.

இது புதுக்கதையும் இல்லை. நம் முன்னோர் பிரிட்டிஷ்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனபோதும் கடனோடுதான் போனார்கள். கங்காணி கொடுத்த முன்பணம், கப்பல் செலவு, அரிசி எல்லாம் கணக்கில் ஏறும். அந்தக் கடன் 'துண்டு'ச் சீட்டில் எழுதப்பட்டு ஆளோடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகக் கைமாறும். 1921-ல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதே காலத்தில் பர்மாவுக்கு ஒரே கப்பலில் இரண்டு தமிழர்கள் போனார்கள். மேல்தளத்தில் மூலதனம், கீழ்த்தளத்தில் கூலி. 1930-களின் முடிவில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கையில் வந்துவிட்டது. பர்மாத் தேக்கு காரைக்குடியில் தூணாக நிற்கிறது. கீழ்த்தளத்தில் போனவனின் நினைவுக்குத் தூண் எங்கே? 1942-ல் ஜப்பான் படைக்குப் பயந்து காட்டு வழியாக நடந்து வந்து செத்தவர்களில் அவன்தான் அதிகம். 'புலம்பெயர்ந்த தமிழர் சாதனை' என்று மேடையில் பேசுகிறவர்கள் மேல்தளத்தை மட்டும் பேசுகிறார்கள்.

யார் போக முடிகிறது என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது: கேரளம். வெளிநாட்டுப் பணத்தால் வளர்ந்த ஊர் என்று உலகப் பொருளாதார அறிஞர்கள் எல்லாம் காட்டுகிற உதாரணம். 2023-ன் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வந்த பணம் 2,16,000 கோடி ரூபாய்க்கு மேல். மறுக்கவில்லை. வீடு, பள்ளி, மருத்துவம் எல்லாம் அதில் உயர்ந்தன. ஆனால் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட இன்னொரு உண்மை உண்டு. தலித் வீடுகளிலிருந்தும் ஆதிவாசி வீடுகளிலிருந்தும் வளைகுடாவுக்குப் போனவர்கள் மிகக் குறைவு.

காரணத்தைத் தேடினால் நிலத்தில் போய் நிற்கிறது. 1970 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரனுக்கு நிலம் கொடுத்தது. வயலில் இறங்கி உழைத்த புலையனும் பறையனும் சட்டப்படி குத்தகைதாரன் இல்லை. அவனுக்குக் கிடைத்தது குடிசை போட்ட இடம். கிராமத்தில் அதிகபட்சம் 10 சென்ட், நகரத்தில் 3 சென்ட். அதுவும் இல்லாதவனுக்கு ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போடுகிற 'லட்சம் வீடு' காலனி. மூன்றே வருடத்தில், 1973-ல், எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா ஆள் கேட்டது. அடமானம் வைக்க நிலம் இருந்தவன் விசா வாங்கினான். ஏற்கெனவே அங்கே இருந்த சொந்தக்காரன் அடுத்தவனை இழுத்தான். 3 சென்ட்டை எவன் அடமானம் பிடிப்பான்? யாரைச் சொந்தக்காரன் என்று கூப்பிடுவது? ஆக, 1970-ல் வெட்டிய வாய்க்காலில்தான் துபாய்ப் பணம் பாய்ந்தது. அந்தப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளுக்குக் கல்லும் கலவையும் சுமக்கப் போனவர்களில் நம் ஊர்ச் சித்தாள்களும் உண்டு. அவர்கள் வாங்கி வந்த கூலி எந்த உலக வங்கிக் கணக்கிலும் வராது.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று. வெளிநாட்டு இந்தியர் பணம் என்று ஒரே பெயரில் இரண்டு பொருளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். குடும்பச் செலவுக்கு அனுப்புகிற பணம் வேறு. வட்டிக்காக வங்கியில் போட்டு வைக்கிற டெபாசிட் வேறு. முதலாவது சோறு. இரண்டாவது சூதானம். 1990-ல் குவைத் மீது இராக் படையெடுத்தபோது 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் மீட்கப்பட்டார்கள். கட்டிய துணியோடு வந்தவர்கள் அதில் ஏராளம். அதே நெருக்கடியில் டெபாசிட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாடு திவாலாகும் போலிருக்கிறதே என்று பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் சுமார் 95 கோடி டாலர் வெளியேறியது. ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்தது.

ஓடியவனுக்கு என்ன தண்டனை? மரியாதை. டாலரில் போட்டு டாலரிலேயே எடுக்கிற டெபாசிட்டுகளில் ரூபாய் மதிப்பு விழுந்தால் வரும் நஷ்டத்தை 1990-களின் முற்பகுதி வரை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அதாவது, தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டியவன் ஏற்றுக்கொண்டான். இன்றைக்கும் என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு வருமான வரி இல்லை. 2013-ல் ரூபாய் சரிந்தபோது சலுகை விலையில் பரிமாற்ற வசதி கொடுத்து மறுபடியும் டாலரை அழைத்தார்கள். தேசபக்திக்கு இவ்வளவு வட்டி வேறு எங்கே கிடைக்கும்?

பண மதிப்பு ஏறி இறங்கினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1923-ல் வெளிவந்த 'ரூபாயின் பிரச்சினை' நூலைப் புரட்டிப் பாருங்கள். ரூபாய் மதிப்பு விழுந்து விலைவாசி ஏறும்போது கூலி அதோடு சேர்ந்து ஏறாது, அந்த இடைவெளிதான் முதலாளியின் லாபம் என்று காட்டியவர் அவர். அவரைச் சிலையாக்கி மாலை போடுகிற நாம் அந்தப் புத்தகத்தை எத்தனை வாசகர் வட்டத்தில் படித்திருக்கிறோம்?

பணம் வரும் திசையும் மாறிவிட்டது. ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வின்படி இந்தியாவுக்கு வரும் பணத்தில் முதலிடம் இப்போது அமெரிக்காவுக்கு, 27.7 சதவீதம். ஐக்கிய அரபு அமீரகம் 19.2. கொத்தனாரும் டிரைவரும் அனுப்பிய பணத்தின் பங்கு குறைந்து, என்ஜினீயர் அனுப்பும் பணத்தின் பங்கு கூடுகிறது என்று இதைப் படிக்க வேண்டும். ஐ.ஐ.டி. வாசலில் மறிக்கப்பட்டவன் கலிபோர்னியாவுக்கு எந்த வாசல் வழியாகப் போவான்? போன சிலரையும் சாதி துரத்திக்கொண்டு போனது. 2023-ல் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வேண்டிய நிலை வந்தது அதனால்தான்.

இங்கே சில தோழர்கள் கோபப்படுவார்கள். "என்னய்யா எல்லாத்தையும் குறை சொல்றே? சிங்கப்பூர் போனவன், துபாய் போனவன் நம்ம சேரியிலும் இருக்கான். பண்ணையார் வாசல்ல கை கட்டி நின்னவன் மகன் இன்னிக்கு கான்கிரீட் வீடு கட்டியிருக்கான். அது விடுதலை இல்லையா?"

விடுதலைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்டைக்கு முன்னால் குனியாமல் சாப்பிடுகிற ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடாக எந்தப் புரட்சிப் பாட்டும் இல்லை. பணக்கார நாடுகள் கொடுத்த மொத்த உதவியையும் தட்டின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் இந்தக் கூலியை வைத்தால் நான் கூலியைத்தான் எடுப்பேன். அதில் கும்பிடு கிடையாது. அதனால்தான் அது ஆதிக்கசாதியின் கண்ணை உறுத்துகிறது.

கொடியங்குளம் அதற்குச் சாட்சி. தூத்துக்குடிப் பக்கத்துத் தலித் கிராமம். வளைகுடா போய் உழைத்த பணம் அந்த ஊரில் வீடாகவும் படிப்பாகவும் மாறியிருந்தது. 1995 ஆகஸ்ட் 31-ல் 600-க்கும் மேற்பட்ட போலீஸ் உள்ளே இறங்கியது. என்ன தேடினார்கள் என்று கேட்காதீர்கள், எதை உடைத்தார்கள் என்று பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி. மின்விசிறி. தையல் எந்திரம். டேப் ரிக்கார்டர். துணிமணியைக் குவித்துத் தீ வைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் எரித்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் கெடுத்தார்கள். பாஸ்போர்ட்டை எரிக்கிறவனுக்கு வளர்ச்சிப் பொருளாதாரம் நன்றாகவே தெரியும். வாய்க்காலில் வராமல் சேரிக்கு நேராக வந்த தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து, அந்த வழியை அடைத்தான்.

பதினேழு வருடம் கழித்து, 2012 நவம்பர் 7-ல், தருமபுரி. நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி. ஒரு காதல் கல்யாணம் சாக்கு. 250-க்கும் மேற்பட்ட வீடுகளில் கொள்ளையும் தீயும். பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் போய் உழைத்துச் சேர்த்த பீரோவும் நகையும்தான் குறி. வெளிநாட்டுப் பணமோ வெளியூர்ப் பணமோ, சேரிக்குள் வந்து தலைநிமிர்ந்தால் விளைவு ஒன்றுதான். பணம் வந்தால் சாதி போய்விடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த இரண்டு தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பணம் அனுப்புகிற வழியிலும் பிடுங்கல் இருக்கிறது. 200 டாலர் அனுப்ப உலக சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கும் மேல். 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டு வருவோம் என்று ஐ.நா.வில் எல்லா நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கணக்குப் போடுங்கள்: 68,500 கோடி டாலரில் 3 சதவீதம் குறைந்தால் வருடத்துக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் தொழிலாளியின் வீட்டுக்குப் போகும். எந்தக் கொடையாளியின் தயவும் வேண்டாம். நடப்பது வேறு. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்கா ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி போட்டிருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வரி இல்லை. கணக்குத் திறக்கக் காகிதம் இல்லாதவன், பாத்திரம் கழுவுகிறவன், தோட்டத்தில் பழம் பறிக்கிறவன் கட்டட்டும் என்பது இதன் பொருள்.

நம் அரசாங்கமும் சளைத்ததில்லை. முதலீடாக வரும் வெளிநாட்டுப் பணத்துக்குச் சிவப்புக் கம்பளம். தலித் பெண்ணுக்கு வழக்கு நடத்த வரும் வெளிநாட்டுப் பணத்துக்குச் சட்டம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் பிறந்த சட்டம் அது. 2020 திருத்தத்தின்படி, வாங்கிய நிறுவனம் அதில் ஒரு பகுதியை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கைமாற்றவே முடியாது. அதற்காக 'புராஜெக்ட்' பணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மூன்று வருடத் திட்டத்துக்கு ஆள் சேர்த்து, நான்காம் வருடம் கதவைப் பூட்டுகிற இயக்கம் இயக்கம் ஆகாது. ஆனால் அந்தக் கணக்கை நாம் நமக்குள் தீர்த்துக்கொள்வோம். பூட்டுப் போடுகிற அதிகாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வேண்டாம்.

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? வெளிநாடு போகும் தலித் தொழிலாளிக்கு அடமானம் இல்லாமல், வட்டிக்காரனிடம் போகாமல், பொதுத்துறை வங்கியில் கடன். என்.ஆர்.இ. வட்டிக்கு வரியை விட்டுக்கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது பெரிய காரியம் இல்லை. விசாவுக்கு ஆகும் செலவை முதலாளி கட்ட வேண்டும். மீறி வாங்கும் ஏஜெண்டின் உரிமம் ரத்தாக வேண்டும். பணம் அனுப்பும் கட்டணம் 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும், ஏனென்றால் கையில் பட்டா இருப்பவன்தான் பேரம் பேச முடியும். எல்லாவற்றுக்கும் முன்னால், புலம்பெயர்வுக் கணக்கு எடுக்கும் ஒவ்வொரு அரசு ஆய்விலும் சாதி கேட்கப்பட வேண்டும், கேட்டது வெளியிடப்பட வேண்டும்.

அவர்கள் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த இதழைப் படிக்கிற மாணவத் தோழர்கள் லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப் போங்கள். சேரியில் எத்தனை பேர் வெளிநாட்டில்? ஊர்த்தெருவில் எத்தனை பேர்? போக எவ்வளவு கொடுத்தார்கள், யாரிடம் கடன், மாசம் என்ன வட்டி, எதை அடகு வைத்தார்கள்? கடன் தீர எத்தனை மாதம்? போகாத பெண்கள் அந்த மாதங்களை எப்படி ஓட்டினார்கள்? ஏமாந்து திரும்பியவர் எத்தனை, பெட்டியில் திரும்பியவர் எத்தனை? ஆள் பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். ஊர் ஊராக எழுதி அனுப்புங்கள், அச்சிடுவோம். உலக வங்கியின் கூட்டலில் விடுபட்ட கட்டம் அதுதான். அதை நிரப்ப வாஷிங்டனிலிருந்து யாரும் வரப் போவதில்லை.